பல்நிலை மாடல் ஆய்வு: தரவுக் கோப்பிலிருந்து முடிவு அட்டவணை வரை முழுமையான வழிகாட்டி

மாணவர் பள்ளிக்குள், பள்ளி ஊருக்குள் என்று ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய தரவுக்கான ரெக்ரெஷன் வகையே பல்நிலை மாடல். அதைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் மென்பொருள் கட்டளையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் கவனித்தவரை கட்டளையில் நேரும் தவறுகள் குறைவு. தரவைத் தயார்செய்யும் கட்டத்திலும், வந்த எண்களைப் படிக்கும் கட்டத்திலும்தான் பலர் இடறுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைக்கும், ஒவ்வொரு படியையும் ஏன் அந்த இடத்தில் செய்ய வேண்டும் என்பதற்கும் முதலிடம் தந்திருக்கிறேன்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. மக்கள்தொகையிலிருந்து எடுத்த கூறையும், கணித அமைப்பையும் தமிழில் ‘மாதிரி’ என்றே சொல்லிவிடுகிறோம். இந்தத் துறையில் அது பெருங்குழப்பம் தரும். எனவே இங்கே ‘மாதிரி’ என்றால் எடுத்த கூறு மட்டுமே. கணித அமைப்பை ‘மாடல்’ என்றே எழுதுகிறேன்.

விளக்கம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டு: 40 பள்ளிகள், பள்ளிக்கு 30 மாணவர்கள், மொத்தம் 1200 பேர். சார்பு மாறி தேர்வு மதிப்பெண். முதன்மை விளக்க மாறி வீட்டில் படிக்கும் நேரம். எண்கள் யாவும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சாதாரண தொடர்புப் போக்கு ஆய்வை, அதாவது ரெக்ரெஷனை, நன்றாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கெழு, திட்டப்பிழை, இரு மாறிகளின் ஊடாட்டம் ஆகியவற்றை விளக்கத் தடுமாறுபவர் பல்நிலை மாடலில் இரண்டு மடங்கு தடுமாறுவார்.

அடுத்து, ஆய்வுக் கேள்வி ஒற்றை வாக்கியமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘படிக்கும் நேரம் மதிப்பெண்ணை உயர்த்துகிறதா?’ என்பதும், ‘அந்த உயர்வு பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறதா?’ என்பதும் வேறு வேறு மாடல்களைக் கேட்கும் கேள்விகள். கேள்வியை எழுதாமல் தொடங்குபவர், மென்பொருள் எதை எளிதாகத் தருகிறதோ அதையே தன் கேள்வியாக ஆக்கிக்கொள்ள நேரும்.

1. நிலைகளைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள்

எது எதற்குள் அடங்குகிறது என்பதைக் கட்டங்களாக வரையுங்கள். மாணவர் முதல் நிலை, பள்ளி இரண்டாம் நிலை. ஒரே ஆளைப் பலமுறை பேட்டி கண்ட ஆய்வானால், ஒவ்வொரு பேட்டியும் முதல் நிலை, ஆள் இரண்டாம் நிலை. ஆளையே முதல் நிலை என்று எண்ணிப் பழகியவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி தவறுகிறார்கள்.

எல்லாப் பிரிவும் நிலை ஆகிவிடாது. பாலினம் ஒரு பிரிவுதான். ஆனால் அது பெரிய தொகுதியொன்றிலிருந்து எடுத்த மாதிரி அல்ல, அதன் வகைகளும் மிகச் சில. அதை விளக்க மாறியாகவே வையுங்கள். பள்ளி, ஊர், மருத்துவமனை போன்றவை ‘இவற்றைப் போன்ற இன்னும் பல உண்டு’ என்று சொல்லத்தக்கவை என்பதால் நிலையாகின்றன.

வரையும்போது கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அதை மறைக்காதீர்கள். ஒரே குடியிருப்பின் பிள்ளைகள் பல பள்ளிகளுக்கும், ஒரே பள்ளிக்குப் பல குடியிருப்புகளின் பிள்ளைகளும் சென்றால், அது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அமைப்பல்ல, குறுக்கு வகைப்பாடு. அதை அடுக்காகக் கருதினால் குடியிருப்பின் மாறுபாடு (வேரியன்ஸ், அதாவது மதிப்புகள் சிதறும் அளவு) பள்ளியின் கணக்கிலோ பள்ளியின் மாறுபாடு குடியிருப்பின் கணக்கிலோ போய்ச் சேரும்.

மேல்நிலைக் குழுக்கள் எத்தனை என்பதையும் இப்போதே எண்ணுங்கள். மாடலின் வலிமை பெருமளவு இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 10 பள்ளிகளில் பள்ளிக்கு 500 மாணவர்களைச் சேர்த்தாலும் பள்ளிகளைப் பொறுத்தவரை உங்களிடம் 10 தகவல்களே உள்ளன. குழுக்கள் 10, 15 என்ற அளவில் நின்றுவிட்டால், குழு மாறுபாட்டின் மதிப்பீடும் பள்ளிநிலை மாறிகளின் திட்டப்பிழையும் ஐயத்துக்குரியவை ஆகின்றன. நாடுகளை ஒப்பிடும் ஆய்வுகளில் இந்த நெருக்கடி அடிக்கடி வரும்.

2. அடையாள எண்களைச் சரிபாருங்கள்

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நேரும் தவறு இது. பள்ளிக்கு மூன்று வகுப்புகள் எனில், தரவைப் பதிந்தவர் ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புகளுக்கு 1, 2, 3 என்றே எண் தந்திருப்பார். அந்த எண்ணை அப்படியே கொடுத்தால், 40 பள்ளிகளின் முதல் வகுப்புகள் அனைத்தையும் மென்பொருள் ஒரே வகுப்பாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. பார்வைக்கு ஒழுங்கான அட்டவணையே வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வரி போதும். முடிவுப் பக்கத்தில் ‘குழுக்களின் எண்ணிக்கை’ தரும் இடத்தைப் பாருங்கள். பள்ளி 40, வகுப்பு 120 என்று இருக்க வேண்டும். வகுப்பு 3 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பள்ளி எண்ணையும் வகுப்பு எண்ணையும் இணைத்து ஒவ்வொரு வகுப்புக்கும் தனி எண் உருவாக்குங்கள். இந்த வரியைப் பார்க்காமல் கெழுக்களுக்குத் தாவும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிட வேண்டும்.

இன்னொரு சோதனை: பள்ளிநிலை மாறி எனப்படுவது ஒரு பள்ளிக்குள் அனைவருக்கும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும். பள்ளிவாரியாக அதன் திட்டவிலக்கத்தைக் கணக்கிடுங்கள். எங்கும் பூச்சியமே வர வேண்டும். வராத பள்ளியில் பதிவுப் பிழை இருக்கிறது.

விடுபட்ட மதிப்புகளையும் இந்தக் கட்டத்திலேயே கையாளுங்கள். ஒரு மாறியில் மதிப்பு இல்லாத வரியை மென்பொருள் பொதுவாகச் சத்தமின்றி நீக்கிவிடும். முதல் மாடல் 1200 பேர் மீதும், மூன்றாவது மாடல் 1090 பேர் மீதும் ஓடியிருந்தால் இரண்டின் டீவியன்ஸ் மதிப்புகளை, அதாவது மாடல் தரவோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண்களை, ஒப்பிட முடியாது. பல்முறை நிரப்புதலைச் செய்யுங்கள், அதாவது விடுபட்ட இடங்களைப் பலமுறை ஊகித்து நிரப்பி, கிடைக்கும் விடைகளை இணையுங்கள். அல்லது எல்லா மாடலுக்கும் பொதுவான வரிகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். நிரப்புவதானால் அந்த நிரப்பும் மாடலும் பள்ளி நிலையைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

3. மென்பொருளையும் அதன் இயல்பு அமைப்புகளையும் அறிந்துகொள்ளுங்கள்

ஆர் மொழியில் எல்எம்இ4 தொகுப்பு இலவசம், பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானது. ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ், எஸ்ஏஎஸ் ஆகியவற்றில் இதற்கான கட்டளைகள் உள்ளன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பல்நிலை மாடலாக்க மையம் உருவாக்கிய எம்எல்வின் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. சமன்பாட்டைத் திரையில் காட்டிக் கட்டியெழுப்ப விடுவதால் கற்பவருக்கு நல்லது. பேய்சியன் வழியில், அதாவது முன்னறிவை நிகழ்தகவாகத் தரவோடு இணைக்கும் வழியில், செல்பவர்களுக்கு ஸ்டான் என்ற மென்பொருளின் மேல் இயங்கும் பிஆர்எம்எஸ் தொகுப்பு உண்டு. எதில் உங்களுக்குப் பழக்கமோ அதையே எடுங்கள். ஆனால் அது கேட்காமலே செய்யும் தேர்வுகளை அறிந்திருங்கள்.

முதல் தேர்வு மதிப்பிடும் முறை. எல்எம்இ4, எஸ்பிஎஸ்எஸ், எஸ்ஏஎஸ் மூன்றும் நேர்கோட்டு மாடலுக்கு இயல்பாகக் கட்டுப்படுத்திய மீப்பெரு சாத்தியக்கூற்று முறையை, அதாவது ரெம்ல் முறையை, எடுக்கின்றன. ஸ்டேட்டா முழு மீப்பெரு சாத்தியக்கூற்று முறையை எடுக்கிறது. (கிடைத்த தரவு வருவதற்கான வாய்ப்பை மிக அதிகமாக்கும் மதிப்புகளைத் தேர்வதே மீப்பெரு சாத்தியக்கூற்று.) குழுக்கள் குறைவாக உள்ளபோது முழு முறை குழு மாறுபாட்டைக் குறைத்துக் காட்டும். ஆகவே இறுதி முடிவுகளுக்கு ரெம்ல் ஏற்றது. ஆனால் நிலையான கெழுக்களில், அதாவது எல்லாப் பள்ளிக்கும் பொதுவான கெழுக்களில், வேறுபடும் இரு மாடல்களை ஒப்பிடும்போது முழு முறையே வேண்டும், ஏனெனில் ரெம்லின் சாத்தியக்கூற்று மதிப்பு அந்தக் கெழுக்களின் அமைப்பையே சார்ந்து மாறுகிறது.

இரண்டாவது தேர்வு இன்னும் நுட்பமானது. வெட்டுத்துண்டும் (விளக்க மாறி பூச்சியமாக உள்ளபோது வரும் மதிப்பு) சாய்வும் (விளக்க மாறியின் கெழு) பள்ளிக்குப் பள்ளி மாறலாம் என்று நீங்கள் கூறினால், எல்எம்இ4 இயல்பாக அவ்விரண்டுக்கும் இடையிலான இணைமாறுபாட்டையும், அதாவது இரண்டும் சேர்ந்து மாறும் அளவையும், மதிப்பிடுகிறது. ஸ்டேட்டா அதைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்கிறது. கட்டுப்பாடற்ற அமைப்பு வேண்டும் என்று தனியே கேட்க வேண்டும். எஸ்பிஎஸ்எஸ், எஸ்ஏஎஸ் இரண்டிலும் இதே நிலைதான். ஒரே தரவு, ஒரே மாடல் என்று நம்பி இருவர் இரண்டு மென்பொருளில் ஓட்டி, வேறு வேறு விடை பெற்று, நாள் கணக்கில் தேடியதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இந்த ஒரு தேர்வுதான்.

எம்எல்வினில் மேலும் இரண்டு தேவைகள் உண்டு: தரவு நிலைவாரியாக வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், எல்லா வரியிலும் 1 என்ற மதிப்புடைய மாறிலி நிரல் ஒன்று இருக்க வேண்டும். வரிசைப்படுத்தாமல் ஓட்டினால் ஒரே பள்ளி பல துண்டுகளாக எண்ணப்படும்.

மாதிரி எடுத்தலின் எடைகள் உங்கள் தரவில் இருந்தால் ஒரு எச்சரிக்கை: எல்எம்இ4-இன் எடை வாய்ப்பு, துல்லியத்துக்கான எடை, மாதிரி எடைக்கானது அல்ல. ஸ்டேட்டாவில் ஒவ்வொரு நிலைக்கும் தனி எடை தர வழியுண்டு.

4. வெற்று மாடலை ஓட்டுங்கள்

விளக்க மாறி எதுவும் இல்லாமல், பள்ளி வாரியாக வெட்டுத்துண்டு மட்டும் மாறும் மாடலே முதல் மாடல். பலர் இதைச் சடங்காக எண்ணித் தாண்டிச் செல்கிறார்கள். அடுத்து வரும் எல்லா மாற்றத்தையும் அளக்கும் அடிப்படைக் கோடு இதுதான்.

பள்ளிகளுக்கு இடையிலான மாறுபாடு 15, பள்ளிக்குள் மாணவர்களுக்கு இடையிலான மாறுபாடு 85 என்று வந்ததாகக் கொள்வோம். உட்குழு ஒட்டுறவு 15 ÷ (15 + 85) = 0.15. மொத்த மாறுபாட்டில் 15 விழுக்காடு பள்ளி நிலையில் இருக்கிறது.

இந்த 0.15 சிறிய எண்ணாகத் தோன்றும். அதைக் கண்டு ‘பள்ளி முக்கியமில்லை’ என்று சாதாரண ரெக்ரெஷனுக்குத் திரும்புபவர்களுக்காக இன்னும் ஒரு கணக்கு. பள்ளிக்கு 30 பேர் எனில், சராசரியை மதிப்பிடுவதில் வடிவமைப்பு விளைவு 1 + (30 − 1) × 0.15 = 5.35. 1200-ஐ 5.35-ஆல் வகுத்தால் சுமார் 224. அதாவது 1200 பேர் தருவது சுமார் 224 தனித்தனி ஆட்களின் தகவலே. பள்ளிநிலை மாறிகளுக்கும் நிலைமை இதை ஒத்ததே. 1200 தனித்தனி ஆட்கள் என்று கருதி அவற்றின் திட்டப்பிழையைக் கணக்கிட்டால் அது பாதிக்கும் கீழே காட்டப்படும்.

மாறுபாட்டை மதிப்பெண் அலகுக்கு மாற்றியும் படியுங்கள். 15-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.9. ஒட்டுமொத்தச் சராசரி 60 எனில், 95 விழுக்காடு பள்ளிகளின் சராசரி ஏறக்குறைய 52-க்கும் 68-க்கும் இடையில் அமையும். வாசகருக்குப் புரிவது இந்த வாக்கியம்தான்.

5. விளக்க மாறியின் பூச்சியத்தை எங்கே வைப்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதல்நிலை மாறி ஒன்றில் இரண்டு தகவல்கள் கலந்திருக்கின்றன: இந்த மாணவர் தன் பள்ளித் தோழர்களைவிட எவ்வளவு அதிகம் படிக்கிறார் என்பது ஒன்று, இந்தப் பள்ளி மாணவர்கள் சராசரியாகப் பிற பள்ளியினரைவிட எவ்வளவு அதிகம் படிக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டின் விளைவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பள்ளிக்குள், ஒரு மணி நேரம் கூடுதலாகப் படிப்பவர் 2 மதிப்பெண் கூடுதலாகப் பெறுகிறார் என்போம். பள்ளிகளுக்கு இடையே, சராசரி நேரம் ஒரு மணி கூடிய பள்ளி 5 மதிப்பெண் கூடுதலாகப் பெறுகிறது என்போம். மூல மாறியை அப்படியே மாடலில் போட்டால் வரும் கெழு 2-ம் அல்ல, 5-ம் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கலவை. அந்தக் கலவை எந்தக் கேள்விக்கும் விடை அல்ல.

வழி எளியது. ஒவ்வொரு பள்ளிக்கும் சராசரி நேரத்தைக் கணக்கிட்டு ஒரு புதிய மாறியாக வையுங்கள். மாணவரின் நேரத்திலிருந்து அவர் பள்ளியின் சராசரியைக் கழித்து இன்னொரு மாறி உருவாக்குங்கள். இரண்டையும் சேர்த்தே மாடலில் இடுங்கள். கழித்த மாறியின் கெழு 2, சராசரி மாறியின் கெழு 5 என்று தனித்தனியாக வரும்.

குழுச் சராசரியைக் கழிக்காமல், ஒட்டுமொத்தச் சராசரியை மட்டும் கழித்துவிட்டுப் பள்ளிச் சராசரியைச் சேர்ப்பவர்களும் உண்டு. அதுவும் சரியே; ஆனால் அப்போது சராசரி மாறியின் கெழு 5 அல்ல, 5 − 2 = 3. அதன் பொருள்: ஒரே அளவு படிக்கும் இரு மாணவர்களில், சராசரி ஒரு மணி கூடிய பள்ளியில் இருப்பவர் பெறும் கூடுதல். சூழல் விளைவு என்பது இதுதான். ஒரே அட்டவணை வடிவத்தில் 5-ம் 3-ம் வெவ்வேறு பொருளில் வருவதால், எதைக் கழித்தீர்கள் என்பதை எழுதாத கட்டுரையை யாராலும் சரியாகப் படிக்க முடியாது.

6. விளக்க மாறிகளை வரிசையாகச் சேருங்கள்

முதல்நிலை மாறிகள் முதலில், பள்ளிநிலை மாறிகள் பிறகு. மாணவர் நிலையின் வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகு பள்ளிகளுக்கு இடையே என்ன எஞ்சுகிறது என்று தெரிந்தால்தான், எஞ்சியதைப் பள்ளி மாறியால் விளக்க முயல்வதற்குப் பொருள் உண்டு.

ஒவ்வொரு படியிலும் இரு நிலை மாறுபாடுகளையும் குறித்துவையுங்கள். முதல்நிலை மாறியைச் சேர்த்தபின் பள்ளி மாறுபாடு கூடிவிட்டால் திடுக்கிட வேண்டாம். நலிந்த பின்னணி மாணவர்கள் திறம்பட நடத்தும் பள்ளியில் சேர்ந்திருந்தால், பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் பள்ளிகளின் வேறுபாடு வெளிப்படும். இதனாலேயே ‘விளக்கப்பட்ட மாறுபாட்டின் விழுக்காடு’ சில சமயம் எதிர்க்குறியில் வருகிறது.

7. சாய்வை மாறவிடுங்கள், காரணம் இருந்தால்

படிக்கும் நேரத்தின் பயன் பள்ளிக்குப் பள்ளி வேறுபடுமா என்பது உங்கள் கேள்வியானால், சாய்வையும் பள்ளிவாரியாக மாறவிடுங்கள். எல்லா மாறிக்கும் ஒரேயடியாக மாறும் சாய்வு கொடுப்பது புதியவர்களின் ஆர்வக்கோளாறு. மூன்று சாய்வுகளும் வெட்டுத்துண்டும் மாறினால் நான்கு மாறுபாடுகள், ஆறு இணைமாறுபாடுகள் என்று பத்து அளவுகளை 40 பள்ளிகளிலிருந்து மதிப்பிட வேண்டியிருக்கும்.

சராசரிச் சாய்வு 2, சாய்வின் திட்டவிலக்கம் 1.5 என்று வந்தால், 95 விழுக்காடு பள்ளிகளின் சாய்வு −0.9 முதல் 4.9 வரை பரவியிருக்கும். அதாவது, இயல்நிலைப் பரவலை ஏற்றுக்கொண்டால், சுமார் 9 விழுக்காடு பள்ளிகளில் கூடுதல் நேரம் பலன் தரவில்லை, அல்லது மதிப்பெண் குறைவோடு சேர்ந்து வருகிறது. ‘சராசரியாக 2’ என்பதோடு நின்றுவிட்டால் இந்தச் செய்தி மறைந்துபோகும்.

சாய்வு மாறத் தொடங்கியதும் பள்ளி மாறுபாடு ஒரே எண்ணாக இருப்பதில்லை. விளக்க மாறியின் மதிப்பைப் பொறுத்து மாறும். அட்டவணையில் உள்ள வெட்டுத்துண்டு மாறுபாடு, மாறி பூச்சியமாக உள்ள இடத்துக்கு மட்டும் உரியது. ஐந்தாம் படியை ஏன் முன்னே வைத்தேன் என்பதற்கு இன்னொரு காரணம் இது.

மாறுபாடு பூச்சியமா என்ற சோதனையில், மாறுபாடு பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது என்பதால் வழக்கமான கை-வர்க்கச் சோதனை தேவைக்கு மேல் கடுமையாகிவிடுகிறது. ஒரே ஒரு மாறுபாட்டைச் சோதிக்கும்போது பி மதிப்பைப் பாதியாக்குவது ஏற்ற திருத்தம்.

பள்ளிநிலை மாறி ஒன்று சாய்வை மாற்றுகிறதா என்று பார்க்க, அந்த மாறியும் மாணவர்நிலை மாறியும் சேர்ந்த ஊடாட்டத்தை இடுங்கள். அப்போது மாணவர்நிலை மாறியின் சாய்வைப் பள்ளிவாரியாக மாறவிட்டே இடுங்கள். அதை விட்டுவிட்டால் ஊடாட்டத்தின் திட்டப்பிழை குறைவாக வரும், இல்லாத விளைவு இருப்பதாகத் தோன்றும்.

8. எச்சரிக்கைச் செய்தியை மதியுங்கள்

‘குவியவில்லை’ என்ற செய்தி, அதாவது மென்பொருளின் தேடல் நிலையான விடையை எட்டவில்லை என்பது, வந்தால் முதலில் மாறிகளின் அலகைப் பாருங்கள். ஒரு மாறி ஆயிரங்களிலும் மற்றொன்று பின்னங்களிலும் இருந்தால் கணிப்பு தடுமாறும். திட்டவிலக்கத்தால் வகுத்துச் சமப்படுத்துங்கள். பிறகு வேறு உகப்பாக்க முறைகளில் (விடையைத் தேடும் கணக்கீட்டு வழிகளில்) ஓட்டி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

எல்எம்இ4 தரும் ‘எல்லையில் நிற்கிறது’ என்ற செய்தி வேறு வகை. ஏதோ ஒரு மாறுபாடு பூச்சியத்திலோ, ஒட்டுறவு +1 அல்லது −1 என்ற விளிம்பிலோ நிற்கிறது என்று பொருள். உங்கள் தரவு தாங்கக்கூடியதைவிடச் சிக்கலான மாடலைக் கேட்டிருக்கிறீர்கள். மாறும் பகுதிகளை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். குறைத்ததைக் கட்டுரையில் எழுதுங்கள்.

9. சார்பு மாறி ஆம்–இல்லை என்றால்

தேர்ச்சி பெற்றாரா, வாக்களித்தாரா போன்ற மாறிகளுக்கு ‘ஆம்’ என்பதன் வாய்ப்பை மதிப்பிடும் லாஜிஸ்டிக் பல்நிலை மாடல் வேண்டும். இதில் முதல்நிலை மாறுபாடு தனியே மதிப்பிடப்படுவதில்லை. உட்குழு ஒட்டுறவுக்கு வழக்கமாக 3.29 என்ற மதிப்பு, அதாவது பையின் வர்க்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயன்படுகிறது.

மதிப்பிடும் முறை இங்கே விடையையே மாற்றவல்லது. எம்எல்வின் தொடக்கத்தில் எடுக்கும் தோராய முறை, குழுக்கள் சிறியவையாக இருக்கும்போது மாறுபாட்டைக் குறைத்துக் காட்டும். இன்னும் துல்லியமான தோராயமான இரண்டாம் வரிசை பிக்யூஎல் முறைக்கோ, பல முறை சீரற்ற எண்களை எடுத்து விடை காணும் எம்சிஎம்சி முறைக்கோ மாறுங்கள். எல்எம்இ4 லாப்லாஸ் தோராயத்தையும், ஸ்டேட்டா 7 புள்ளிகளில் கணக்கிடும் தகவமைப்புத் தொகையிடலையும் இயல்பாக எடுக்கின்றன. புள்ளிகளைக் கூட்டி ஓட்டிப் பார்த்து, விடை அசையவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கெழுவின் பொருளும் மாறுகிறது: அது ஒரே பள்ளிக்குள் ஒப்பிடும் விளைவு, மக்கள்தொகை முழுவதன் சராசரி விளைவு அல்ல, அதைவிட அளவில் பெரியது. சாதாரண லாஜிஸ்டிக் கெழுவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

10. எச்சங்களைப் பாருங்கள்

இரு நிலை எச்சங்களையும், அதாவது மாடல் விளக்காமல் விட்ட வேறுபாடுகளையும், தனித்தனியாக வரையுங்கள். பள்ளி எச்சங்களை நம்பிக்கை இடைவெளியுடன் ஏறுவரிசையில் அடுக்கினால், ஒட்டாமல் தனித்து நிற்கும் பள்ளி உடனே தெரியும். அந்த ஒரு பள்ளியை நீக்கி மீண்டும் ஓட்டி, முடிவு அதையே நம்பி நிற்கிறதா என்று சோதியுங்கள்.

பள்ளி எச்சம் மூலச் சராசரி வேறுபாடு அல்ல. ஒட்டுமொத்தச் சராசரியை நோக்கிச் சுருக்கப்பட்டது. நம் மாறுபாட்டு எண்களை வைத்து, 50 மாணவர் உள்ள பள்ளி ஒன்று இருந்தால் அதன் சுருக்கக் காரணி 15 ÷ (15 + 85/50), ஏறத்தாழ 0.90. 5 மாணவர் மட்டும் உள்ள பள்ளிக்கு 15 ÷ (15 + 85/5), ஏறத்தாழ 0.47. சராசரியைவிட 10 மதிப்பெண் மேலே இருக்கும் சிறிய பள்ளியை மாடல் 4.7 மேலே என்றுதான் மதிக்கிறது. சிறிய பள்ளியின் தகவல் குறைவு என்பதால் இது நியாயமானது. ஆனால் இந்த எச்சங்களை வைத்துப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்துவது அபாயம். அடுத்தடுத்த பள்ளிகளின் நம்பிக்கை இடைவெளிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பதைப் படத்திலேயே காணலாம்.

11. முடிவை எழுதும்போது

மென்பொருளின் பெயர், பதிப்பு, மதிப்பிட்ட முறை, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை அலகுகள், குழு அளவின் மிகக்குறைந்த, மிகக்கூடிய மதிப்புகள் ஆகியவற்றை எழுதுங்கள். எதைக் கழித்து மையப்படுத்தினீர்கள் என்பதையும், இணைமாறுபாட்டை மதிப்பிட்டீர்களா பூச்சியமாக வைத்தீர்களா என்பதையும் சேருங்கள்.

அட்டவணையில் நிலையான கெழுக்களோடு மாறுபாடுகளும் இடம்பெற வேண்டும். அவற்றை விட்டுவிட்டுக் கெழுக்களை மட்டும் தரும் அட்டவணையில் பல்நிலை மாடல் சொல்ல வந்ததில் பாதி இல்லை. குழுக்கள் குறைவெனில் திட்டப்பிழையை அதற்கேற்பச் சரிசெய்யும் கென்வர்ட்–ரோஜர் திருத்தத்தைப் பயன்படுத்துங்கள். எல்எம்இ4 நேர்கோட்டு மாடலுக்குப் பி மதிப்பே தருவதில்லை என்பதால், அதற்கு மேல் எந்தத் தொகுப்பை வைத்து அதைப் பெற்றீர்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. குறியீட்டுக் கோப்பை இணைத்துவிட்டால், அடுத்தவர் உங்கள் எண்களைத் தன் மென்பொருளில் ஓட்டிப் பார்த்து, வேறுபாடு வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பித் தேடிக்கொள்ள முடியும்.